சக்கரத்தைக் கழற்றும் முன்



வேலை முடிந்து வந்து, கைகால் கழுவி, தேநீரோடு வானொலி அருகே அமர்ந்திருக்கும் பெரியவர்களே, தாய்மார்களே, பள்ளிப் பிள்ளைகளே! இன்று நான் பேசப்போவது நம் கண்ணுக்குத் தெரியாமல் நமக்காக உழைக்கும் ஒரு பொருளைப் பற்றி. அது உங்கள் வீட்டு மோட்டார் சைக்கிளில் இருக்கிறது. செம்பனைக் குலை ஏற்றிச் செல்லும் டிராக்டரில் இருக்கிறது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லும் வேனில் இருக்கிறது. அதன் பெயர் பேரிங். அந்தப் பேரிங்கைக் கழற்றவும் மாட்டவும் வேண்டிய கருவிகளைப் பற்றியும் சொல்லப்போகிறேன்.

தோட்டப் பள்ளியில் எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியைக்குச் சக்கரத்தோடு என்ன வேலை என்று நீங்கள் நினைக்கலாம். காரணம் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் உங்களைப் பினாங்குக்கு அழைத்துச் செல்கிறேன். ஜார்ஜ் டவுனில் உள்ள லிட்டில் இந்தியா உங்களில் பலருக்குத் தெரிந்த இடந்தான். பட்டர்வொர்த்தில் படகேறி அக்கரை இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் போதும். லெபோ பாசார், லெபோ குவீன், லெபோ பினாங்கு ஆகிய தெருக்களில் புடவைக் கடை, பாத்திரக் கடை, பூக்கடை எல்லாம் வரிசையாக இருக்கும். 1833ஆம் ஆண்டில் எழுந்த மகா மாரியம்மன் கோயில் லெபோ குவீனில்தான் இருக்கிறது. தைப்பூசக் காலத்தில் நகரத்தாரின் வெள்ளி இரதம் புறப்படும் கோவில் வீடு லெபோ பினாங்கில் இருக்கிறது. 1894ஆம் ஆண்டு முதல் அந்த வெள்ளி இரதம் இந்த ஊர்த் தெருக்களில் உருண்டு வருகிறது. உடைபடும் தேங்காய்களின் நீர் சாலையெங்கும் ஓட, காளைகள் இழுக்க, அது நகரும் காட்சியைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் தைப்பூசத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது நான் அங்கே போயிருந்தேன். பூசைச் சாமான்கள் வாங்கிக்கொண்டு திரும்பும்போது, ஒரு சந்தின் ஓரத்தில் பழைய வோல்க்ஸ்வேகன் கோம்பி வேன் ஒன்று, முன்பக்கம் தூக்கி நிறுத்தப்பட்டிருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தேன். மடக்குக் கட்டில், சின்ன அலமாரி, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் இருந்தன. வண்டியே வீடு, வீடே வண்டி! குடும்பத்தோடு ஊர் ஊராகச் சென்று தங்குவதற்கென்று அமைத்தது. இந்தக் கோம்பி 1950இல் ஜெர்மனியில் தயாராகத் தொடங்கியது. அதற்கு மறு ஆண்டே வெஸ்ட்ஃபாலியா என்ற நிறுவனம் அதற்குள் பொருத்தக்கூடிய கட்டில், அலமாரி முதலியவற்றைச் செய்து விற்கத் தொடங்கிவிட்டது.

இந்த வகை வண்டிக்கும் பினாங்குக்கும் பழைய உறவு உண்டு. 1960களிலும் 1970களிலும் ஐரோப்பிய இளைஞர்கள் இத்தகைய வண்டிகளில் துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக இந்தியா வந்தார்கள். பர்மா வழியாகத் தரையில் வர முடியாது. ஆகவே சென்னையில் கப்பலேற்றிப் பினாங்கில் இறக்கி, இங்கிருந்து தெற்கே ஓட்டிப் போனார்கள். எந்தக் கப்பல் தெரியுமா? ரஜூலா! நம் தாத்தா பாட்டிமார் பலர் தகரப் பெட்டியோடு வந்திறங்கிய அதே ரஜூலா. அதற்குப் பின் சிதம்பரம் என்ற கப்பல் ஓடியது. சுற்றிப் பார்க்க வந்தவரின் வண்டிவீடும், பிழைக்க வந்தவரின் தகரப் பெட்டியும் ஒரே கப்பலில்தான் கடல் கடந்தன.

சந்தில் நின்ற வண்டிக்கு வருவோம். அதன் உரிமையாளர் ஈப்போ பக்கத்திலிருந்து மனைவி, பேரப்பிள்ளைகளோடு தைப்பூசத்துக்கு வந்த பெரியவர். வண்டிக்கு அடியிலிருந்து கையெல்லாம் கிரீஸோடு ஓர் இளைஞன் எழுந்தான்.

"டீச்சர்! நீங்களா?" என்றான்.

என் பழைய மாணவன்! பால்மரம் வெட்டும் குடும்பத்துப் பிள்ளை. ஏட்டுப் படிப்பில் நடுத்தரம். தொழிற்பயிற்சிக் கழகத்தில் சேர்ந்து, மலேசியத் திறன் சான்றிதழ் பெற்று, இப்போது பட்டறையில் வேலை செய்கிறான். அன்று ஒரு மணி நேரம் அவன் எனக்கு ஆசிரியனாக இருந்தான்.

"என்னப்பா கோளாறு?" என்று கேட்டேன்.

"முன்சக்கரத்துல உறுமல் சத்தம் டீச்சர். வண்டி வலது பக்கம் திரும்பும்போது சத்தம் கூடுதுன்னு ஐயா சொன்னாங்க. வலது பக்கம் திரும்பினா பாரம் இடது பக்கம் சாயும். அதனால இடது பக்கச் சக்கரத்து பேரிங்லதான் கோளாறுன்னு முதல்லயே தெரிஞ்சிடுச்சு."

எவ்வளவு தெளிவான சிந்தனை பாருங்கள்! கருவியைத் தொடுவதற்கு முன்பே காதும் அறிவும் வேலையைத் தொடங்கிவிட்டன.

நேயர்களே, பேரிங் என்பது என்ன? நம் முன்னோர் ஓட்டிய மாட்டு வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். சக்கரத்தின் நடுவே குடம். குடத்துக்குள் அச்சு. குடம் சுற்றும்போது அச்சின்மேல் உரசும். உரசினால் சூடு, சூடேறினால் தேய்மானம். அதற்காகத்தான் விளக்கெண்ணெயில் வைக்கோல் சாம்பலைக் குழைத்து மசகு போட்டார்கள். மாட்டின் நடைக்கு அது போதும். மோட்டார் வண்டியின் வேகத்துக்குப் போதாது.

உரசுவதை உருளச் செய்தால் என்ன என்று மனிதன் யோசித்தான். கனமான மரத்தை இழுப்பதைவிட, அடியில் உருட்டுக் கட்டை வைத்துத் தள்ளுவது எளிது அல்லவா? அதே தத்துவந்தான். 1794இல் வேல்ஸ் நாட்டைச் சேர்ந்த பிலிப் வாகன் என்பவர், வண்டி அச்சுக்கும் சக்கரத்துக்கும் நடுவே இரும்புக் குண்டுகளை வைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் வண்டி வளைவில் திரும்பும்போது பக்கவாட்டிலும் விசை தாக்குகிறது. அதையும் தாங்க வேண்டும். அமெரிக்காவில் குதிரை வண்டி செய்து விற்ற ஹென்றி டிம்கென், ஒரு பக்கம் பருத்து மறுபக்கம் சிறுத்த கூம்பு உருளைகளைக் கொண்ட பேரிங்குக்கு 1898இல் காப்புரிமை பெற்றார். மேலிருந்து வரும் பாரத்தையும் பக்கத்திலிருந்து வரும் தள்ளலையும் அது சேர்த்தே தாங்கும். அந்தக் கோம்பியின் முன்சக்கரத்தில் இருந்ததும் இந்தக் கூம்பு உருளைப் பேரிங்தான். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என ஒரு சக்கரத்துக்கு இரண்டு.

அதன் உழைப்பை ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பிள்ளைகளே, பென்சிலை எடுங்கள்! டயரின் விட்டம் ஏறக்குறைய 65 சென்டிமீட்டர். அப்படியானால் சுற்றளவு இரண்டு மீட்டருக்குச் சற்று மேல். ஒரு கிலோமீட்டர் ஓட, சக்கரம் ஏறக்குறைய 490 முறை சுற்ற வேண்டும். பினாங்கிலிருந்து கோலாலம்பூர் சுமார் 350 கிலோமீட்டர். ஒருமுறை போய்ச் சேர்வதற்குள் 170,000 சுற்றுக்கு மேல்! கட்டில், அடுப்பு, தண்ணீர், ஆட்கள் எல்லாம் சேர்ந்து வண்டியின் எடை இரண்டு டன்னைத் தொடும். ஒவ்வொரு சக்கரமும் அரை டன் சுமக்கிறது. அந்த அரை டன்னும் விரல் நுனியளவு உருளைகள் சிலவற்றின்மேல்தான் நிற்கிறது.

இனி அந்த இளைஞன் விரித்து வைத்திருந்த கோணிச் சாக்கைப் பாருங்கள். அதில் கருவிகள் வரிசையாக இருந்தன.

முதலாவது, முட்டு. வண்டியை ஜேக்கால் தூக்கினான். ஆனால் ஜேக்கை நம்பி அடியில் கை வைக்கவில்லை. இரும்பு முட்டின்மேல் வண்டியை இறக்கிய பிறகே வேலையைத் தொடங்கினான். தரையில் இருந்த மற்றச் சக்கரங்களுக்குக் கட்டையும் கொடுத்திருந்தான்.

இரண்டாவது, மூடி கழற்றும் இடுக்கி. சக்கரத்தின் நடுவில் தூசி புகாமல் தடுக்கும் தகர மூடி இருக்கும். அதைத் திருப்புளியால் நெம்பினால் நெளிந்துபோகும். நெளிந்த மூடி வழியாகத் தண்ணீரும் மண்ணும் உள்ளே போகும்.

மூடிக்குள் இருப்பது நட். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. இந்த வண்டியின் இடது முன்சக்கரத்து மரை இடம்புரி. மற்ற நட்டுகளைக் கழற்றும் திசையில் இதைத் திருப்பினால் இன்னும் இறுகும். தெரியாதவர் நீளக் குழாயைச் சொருகி மேலும் மேலும் இறுக்கி, கடைசியில் மரையையே அழித்துவிடுவார். தெரிந்தவர் எதிர்ப்பக்கம் திருப்புவார். இதற்கு வேண்டிய கருவி எந்தக் கடையிலும் விற்பதில்லை நேயர்களே. அது படித்துப் பெற வேண்டியது.

மூன்றாவது, சீலைப் பிடுங்கும் கொக்கி. நான்காவதுதான் முக்கியமானது: பித்தளைத் தண்டு. பேரிங்கின் வெளிவளையம் சக்கரக் குடத்துக்குள் மிக இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். அதைத் தட்டித்தான் வெளியேற்ற வேண்டும். இரும்பு உளியால் தட்டினால் குடத்தின் உட்சுவரில் கீறல் விழும். பித்தளை மென்மையானது. அடியைக் கடத்தும், காயப்படுத்தாது.

ஐந்தாவது, புதிய வளையத்தை உள்ளே செலுத்தும் வட்டத் தகடு. வளையத்தின் முழு விளிம்பிலும் ஒரே சமமாக அழுத்தி, கோணாமல் உள்ளே இறக்குவதற்காகச் செய்யப்பட்டது.

"இந்தத் தகடு இல்லாட்டி என்னப்பா செய்வே?" என்று கேட்டேன்.

"கழட்டின பழைய வளையத்தைத் தூக்கி எறிய மாட்டேன் டீச்சர். அதோட வெளி ஓரத்தைக் கொஞ்சம் தேய்ச்சு எடுத்தா, அதையே புதுசு மேல வச்சுத் தட்டலாம். ஆனா சுத்தியல் மட்டும் நேரா புதுசு மேல படவே கூடாது" என்றான்.

ஏன் படக்கூடாது? இதுதான் இன்றைய பேச்சின் உயிர்நாடி. பேரிங்கின் வளையமும் உருளையும் மிகக் கடினமான எஃகு. உருளை ஓடும் பாதை கண்ணாடிபோல் மழமழப்பாக இருக்கும். எந்த வளையத்தை உட்கார வைக்கிறோமோ அந்த வளையத்தின்மேல்தான் அழுத்தம் கொடுக்க வேண்டும். அடி உருளைகள் வழியாகப் பாய்ந்தால், ஒவ்வோர் உருளையும் பாதையில் ஒரு சிறு பள்ளத்தைப் பதித்துவிடும். பார்த்தால் தெரியாது, நகத்தால் தடவினால் ஒருவேளை தெரியலாம். ஆனால் அந்தப் பேரிங் அன்றே நோயாளி ஆகிவிட்டது. சக்கரம் சுற்றும்போது உருளைகள் பள்ளத்தில் விழுந்து விழுந்து எழும். பள்ளம் பெரிதாகும், எஃகுத் துகள் உதிரும், துகள் கிரீஸில் கலந்து அரைக்கும், சூடேறும்.

ஆறாவது, கிரீஸ் அடைக்கும் கிண்ணம். கிரீஸ் உருளைகளுக்கு வெளியே பூசினால் போதாது. இடுக்குகளுக்குள் நுழைய வேண்டும். கிண்ணம் இல்லாதவர் உள்ளங்கையில் கிரீஸை எடுத்துக்கொண்டு, பேரிங்கின் பருத்த பக்க விளிம்பை அதில் அழுத்தி அழுத்தி, மறுபக்கம் கிரீஸ் பிதுங்கி வரும்வரை அடைக்கலாம். பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் நன்றாகக் கழுவிக் காயவைத்த பிறகே இதைச் செய்ய வேண்டும். காற்றுக் குழாயால் பேரிங்கைச் சுழல விட்டு விளையாடுவது ஆபத்து. உருளைகள் சிதறிக் கண்ணில் பாயலாம்.

ஏழாவது, டயல் கேஜ். கடிகாரம்போல் முகமும் ஊசியும் கொண்ட அளவுகருவி. நட்டை எவ்வளவு இறுக்குவது? ரொம்ப இறுக்கினால் உருளைகள் வெந்துபோகும். தளர்த்தினால் சக்கரம் ஆடும். இந்த வண்டியில் சக்கரம் முன்னும் பின்னும் அசையும் அசைவு 0.03 மில்லிமீட்டருக்கும் 0.12 மில்லிமீட்டருக்கும் இடையில் இருக்க வேண்டும். உங்கள் பிள்ளையின் நோட்டுப் புத்தகத்தில் ஒரு தாளைத் தொட்டுப் பாருங்கள். ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர். இரண்டு டன் வண்டியின் பாதுகாப்பு ஒரு தாளின் கனத்துக்குள் அடங்கியிருக்கிறது!

எட்டாவது, பின்சக்கரத்துக்கு உரியது. 1970களின் கோம்பிக்குப் பின்சக்கர நட் 46 மில்லிமீட்டர். சாதாரணக் கருவிப் பெட்டியில் அந்த அளவு சாக்கெட் இருக்காது. அந்த நட்டை 300 நியூட்டன் மீட்டருக்கு மேல் இறுக்க வேண்டும். 70 கிலோ எடையுள்ள ஆள், அரை மீட்டர் நீளக் கம்பியின் முனையில் தன் முழு எடையையும் போட்டுத் தொங்குவதற்கு ஒப்பானது அது. இறுக்கிய பிறகு, நட் தானாகக் கழலாதபடி அதன் வெட்டுக்குள் சின்னஞ்சிறு கம்பியாணி ஒன்றைச் செருகி மடக்க வேண்டும். பெரிய தேருக்குச் சிறிய அச்சாணி எப்படியோ அப்படி. உருவத்தைப் பார்த்து இகழாதே என்பதற்கு வள்ளுவர் எடுத்துக்கொண்ட உவமை அதுதானே! அந்த ஆணியை மறந்தால் மேற்சொன்ன ஏழு கருவிகளும் வீண்.

நேயர்களே, இப்போது என் காரணத்தைச் சொல்கிறேன்.

எனக்கு எட்டு வயதிருக்கும். நாங்கள் ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில் இருந்தோம். அப்பா டிராக்டர் ஓட்டுநர். அம்மா பால்மரம் வெட்டினார். விடியுமுன் இருட்டில், பின்னால் மாட்டிய டிரெய்லரில் பெண்களை ஏற்றிக்கொண்டு தூரத்து வெட்டுக் காட்டுக்கு அப்பா போவார். ஒருநாள் இறக்கத்தில் டிரெய்லரின் சக்கரம் ஒன்று கழன்று ஓடியது. டிரெய்லர் சாய்ந்தது. உயிர்ச் சேதம் இல்லை. ஆனால் அம்மாவுக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. ஐந்து மாதம் அவரால் மரம் வெட்ட முடியவில்லை. அந்த ஐந்து மாதமும் எங்கள் அடுப்பு எப்படி எரிந்தது என்பதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

மூன்று வாரத்துக்கு முன்தான் அந்தச் சக்கரத்துக்குப் புது பேரிங் போட்டிருந்தார்கள். தோட்டத்துப் பட்டறையில் இருந்தவர் சுத்தியலும் உளியும் வைத்து அடித்து ஏற்றினார். இரண்டு நாளாகவே சக்கரத்தில் கரகரவென்று சத்தம். "ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம்" என்று அப்பா நினைத்தார். ஞாயிறு வருவதற்குள் வியாழக்கிழமையே எல்லாம் முடிந்துவிட்டது.

அந்தப் பட்டறைக்காரர் எங்கள் வாசலில் வந்து தலைகுனிந்து நின்றார். அம்மாவைப் பார்க்க வந்திருந்த பெண்கள் அவரை ஏசினார்கள். அப்பா தடுத்தார். "அவரைச் சொல்லி என்ன ஆகப்போகுது? அவர் கையில சுத்தியலையும் உளியையும் தவிர வேற என்ன கொடுத்தாங்க? கேட்டுட்டுச் சும்மா இருந்த நானும்தானே காரணம்?" என்றார்.

அந்தச் சொல் இன்றும் என் காதில் இருக்கிறது. அவர் சோம்பேறி அல்லர், கெட்டவர் அல்லர். உரிய கருவி இல்லை, சொல்லிக்கொடுக்க ஆளில்லை. கைப்பிடி அளவுப் பித்தளைத் துண்டு ஒன்றும், அதை ஏன் பயன்படுத்த வேண்டும் என்ற அறிவும் இருந்திருந்தால், என் அம்மா இன்றும் மழைநாளில் காலைத் தேய்த்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்காது. அதனால்தான், லிட்டில் இந்தியாவின் சந்தில், கோணிச் சாக்கின்மேல் என் மாணவனின் கருவிகளைப் பார்த்தபோது பூசைச் சாமானையும் மறந்து நின்றுவிட்டேன்.

இந்தப் பேச்சிலிருந்து நாம் வீட்டுக்கு எடுத்துச் செல்ல வேண்டியவை மூன்று.

ஒன்று, சத்தத்தைக் கேட்டால் தள்ளிப்போடாதீர்கள். உங்கள் மோட்டார் சைக்கிளை நடுத் தாங்கியில் நிறுத்துங்கள். முன்சக்கரம் தரையைத் தொடாதபடி ஒருவர் பின்னால் அழுத்திப் பிடிக்கட்டும். சக்கரத்தின் மேல்புறத்தையும் கீழ்ப்புறத்தையும் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். கடகடவென்று ஆடினாலோ, சுழற்றும்போது கரகரத்தாலோ பட்டறைக்குக் கொண்டுபோங்கள். பின்சக்கரத்தையும் அப்படியே சோதியுங்கள். மாதம் ஒருமுறை ஐந்து நிமிடம் போதும். வெள்ளத்தில் ஓட்டிய வண்டியை அவசியம் பார்க்க வேண்டும்.

இரண்டு, கருவிகளைச் சேர்ந்து வாங்குங்கள். 46 மில்லிமீட்டர் சாக்கெட்டோ டயல் கேஜோ ஆண்டுக்கு ஒரு தடவைதான் தேவைப்படும். ஆளுக்கொன்று வாங்குவது வீண்செலவு. பத்துக் குடும்பம் சேர்ந்தால் ஒரு பெட்டிக் கருவி எளிதாக வாங்கலாம். யார் எடுத்தார், எப்போது திருப்பித் தந்தார் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்தால் போதும். 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் நம் தொழிலாளர்கள் சிறுகச் சிறுகச் சேமித்துத் தோட்டங்களையே வாங்கிக் காட்டினார்களே! நம்மால் ஒரு கருவிப் பெட்டி வாங்க முடியாதா?

மூன்று, பெற்றோர்களுக்கு. பரீட்சையில் மதிப்பெண் குறைந்த பிள்ளையை "இனி ஒன்றுக்கும் உதவமாட்டான்" என்று சொல்லிவிடாதீர்கள். தொழிற்பயிற்சி நிலையங்களைப் பற்றி விசாரியுங்கள். பெண் பிள்ளைகளுக்கும் அங்கே இடம் உண்டு. தொழில் என்பது வெறும் கைப்பலம் அல்ல. இடம்புரி மரையை அறிவதும், தாளின் கனத்தை அளப்பதும், எங்கே அடிக்க வேண்டும், எங்கே அடிக்கக் கூடாது என்று தெரிந்துகொள்வதும் கல்விதான்.

அன்று வேலை முடிந்ததும் என் மாணவன் சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றினான். சத்தமே இல்லை. பெரியவர் கூலியோடு ஐந்து வெள்ளி சேர்த்துக் கொடுத்தார். அவன் ஐந்து வெள்ளியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு கருவியையும் துணியால் துடைத்து, அதனதன் இடத்தில் அடுக்கினான். பித்தளைத் தண்டை மட்டும் கொஞ்ச நேரம் என் கையில் கொடுத்திருந்தான். அதன் முனை அடிபட்டு அடிபட்டு மழுங்கியிருந்தது. தான் மழுங்கி, குடத்தைக் காத்த தண்டு அது.

நேயர்களே, நாளைக் காலை வண்டியை எடுக்கும் முன் ஒருமுறை சக்கரத்தை அசைத்துப் பாருங்கள். அதில் வீட்டுக்குத் திரும்பி வர வேண்டியவர்கள் நம் பிள்ளைகள்.

வணக்கம்.